பட்டறை தாண்டிய ரகசியங்கள்

திருப்பூரில் எந்தச் சாயப்பட்டறையின் ரெசிப்பியும் ஒரு சீசனுக்கு மேல் ரகசியமாக இருந்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேல் சாயத்தொட்டிப் பக்கத்தில் நின்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆனால் ரகசியம் வெளியே போன வேகத்தில் அடுத்த பட்டறைக்காரர் கற்றுக்கொண்டாரா என்று கேட்டால் அது வேறு கதை. இந்த ஊர் எப்படி வளர்ந்தது என்று வெளியூர்க்காரர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். கை சாயமானவர்கள் எழுதியது குறைவு.

நான் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரன். நூலுக்குச் சாயம் போட்ட குடும்பம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூர் வந்து, வீரபாண்டிப் பக்கம் ஒரு பட்டறையில் விஞ்ச் மெஷின் ஹெல்பராகச் சேர்ந்தேன். அங்கே மாஸ்டர் சட்டைப்பையில் ஒரு சின்ன டைரி வைத்திருப்பார். அதில் சாயங்களின் நிஜப் பெயர் இருக்காது. 'பெரிய சிவப்பு', 'சேலத்து மஞ்சள்', 'கறுப்பு ரெண்டு' என்று அவரே சூட்டிய பெயர்கள்தான். சாய ரூம் கதவைச் சாத்திக்கொண்டு தானே எடை போடுவார். உப்பு எவ்வளவு என்பதை எங்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும், மூட்டையைத் தூக்குகிறவர்கள் நாங்கள். எப்போது கொட்டவேண்டும் என்பதை மட்டும் கடைசி நிமிடம் வரை வாயைத் திறந்து சொல்லமாட்டார்.

பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிறவர்களுக்கு அந்த 'எப்போது'தான் தொழில். உப்பு, சாயத்தைத் தண்ணீரிலிருந்து துணிக்குத் தள்ளும். சோடா அதைத் துணியோடு பிணைக்கும். சோடா முந்திக்கொண்டால் சாயம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். உப்பை ஒரே மூச்சில் கொட்டினாலும் அதே கதி. டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு 80 கிராம், 100 கிராம் என்று உப்பை அள்ளிப் போட்ட காலம் அது. ஒரு கிலோ துணிக்குச் செலவாகும் தண்ணீரை யாரும் கணக்குப் பார்த்ததில்லை. நொய்யல் ஆறு பக்கத்திலேயே இருந்தது. அது கெட்ட பிறகு கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் வந்தது.

மாஸ்டரின் இத்தனை காவலுக்கும் பலன் என்ன? காலி சாய டின்களை எடைக்கு வாங்க வருகிறவருக்கு எந்தப் பட்டறை எந்தக் கம்பெனியின் எந்த நீலத்தைப் போடுகிறது என்பது அத்துப்படி. லேபிளைக்கூடக் கிழிக்காமல் போட்டுவிடுவோம். சாயக் கம்பெனியின் டெக்னிக்கல் ஆள் காலையில் ஒரு பட்டறையில் டர்க்காய்ஸ் நீலம் ஏன் சமமாக வரவில்லை என்று பார்த்துச் சரிசெய்து கொடுப்பார். மதியம் அடுத்த பட்டறையில் அதே கோளாறு என்றால் காலையில் கண்டுபிடித்தது அங்கே போய்விடும். பெயர் சொல்லமாட்டார், "ஒரு எடத்துல பார்த்தனுங்க" என்பார். அந்த ஒரு இடம் எது என்று கேட்கிறவருக்கும் தெரியும். கடைசியில் மாஸ்டரே கூடுதல் சம்பளத்துக்கு மங்கலம் ரோட்டுக்கு மாறிப் போனார். டைரியும் போனது.

இதில் யாருக்கும் பெரிய கோபம் வந்ததில்லை. நாம் எடுத்த ஆளும் இன்னொருவரிடமிருந்து எடுத்த ஆள்தானே.

திருப்பூர் கட்டப்பட்டிருக்கும் விதமே அப்படி. ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பது இங்கே அபூர்வம். நூல் ஒரு இடம், நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரிண்டிங், எம்பிராய்டரி, காஜா பட்டன் எல்லாம் தனித்தனி ஜாப் ஒர்க். துணி டெம்போவில் ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவர் செய்த தப்பு அடுத்தவர் கையில்தான் தெரியும். ஆகவே நம் துணியைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்தவர், நமக்கு அடுத்த வேலையைச் செய்கிறவர். பனியன் கம்பெனி முதலாளிகளுக்குத் தெரியாத சங்கதிகள் காம்பாக்டிங் ஆபரேட்டருக்குத் தெரியும். எல்லாப் பட்டறைத் துணியும் அவர் மெஷினில்தான் நீராவி பட்டு, சுருங்கி, மடிந்து வெளியே வருகிறது.

ஐரோப்பிய பையர்கள் துணி துவைத்தால் ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கக்கூடாது என்று கறாராகச் சொல்ல ஆரம்பித்த நேரம். நான் அப்போது மாஸ்டராகியிருந்தேன். எங்கள் துணி சுருக்கத்தில் தப்பித்தது, ஆனால் தைத்த பிறகு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு சைடு தையல் முன்னால் வந்து நின்றது. நூலைக் குற்றம் சொன்னோம், நிட்டிங்கைக் குற்றம் சொன்னோம். ராயபுரத்தில் ஒரு காம்பாக்டிங்கில் இரவு ஷிப்ட் பார்த்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார்:

"ஏனுங் மாஸ்டர், இதே நூல்ல வேறொரு பட்டறைத் துணியும் இங்கதானுங்க வருது. முறுக்கறதில்லையே. நீங்க ஹைட்ரோவுல போட்டுப் புழிஞ்சு, கயிறு மாதிரி அப்படியே அனுப்பறீங்க. அவங்க முறுக்கெடுத்து, பலூன்ல விட்டுப் புழிஞ்சு அனுப்பறாங்க. அவ்வளவுதானுங்க வித்தியாசம்."

"அண்ணா, இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையேங்க."

எந்தக் கருத்தரங்கிலும் இப்படி ஒரு பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. அவர் படித்தது ஐந்தாவது. அவர் மெஷினைத் தாண்டிப் போன துணி பல நூறு பட்டறைகளுடையது.

பையர்களும் ஒரு வகையில் வாத்தியார்கள். 1978-ல் இத்தாலியிலிருந்து அன்டோனியோ வெரோனா என்ற இறக்குமதியாளர் மும்பை ஏற்றுமதியாளர்கள் வழியாக இங்கே வந்து வெள்ளை டி-ஷர்ட் வாங்கியதில்தான் ஏற்றுமதிக் கதை தொடங்குகிறது என்பார்கள். 1981-ல் சி அண்டு ஏ என்ற ஐரோப்பியத் துணிக்கடை நிறுவனம் வந்தது. அதுவரை உள்நாட்டுக்குப் பனியனும் ஜட்டியும் போட்டுக்கொண்டிருந்த ஊர் காலர் வைக்கவும், ஷேடு ஒப்பிடவும், சைஸ் டேப்பை நம்பவும் கற்றது இவர்களிடம். 1990-ல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் ஜெர்மனி சில அசோ சாயங்களுக்குத் தடை போட்டபோது, ஊர் முதன்முதலாக ஒரே பயத்தை எல்லோருமாகப் பயந்தது. ஒரு கம்பெனியின் ஒரு பெட்டியில் தடைசெய்த சாயம் அகப்பட்டால் அடி வாங்குவது திருப்பூர் என்ற பெயர். எந்தச் சாயம் ஆகும், எந்தச் சாயம் ஆகாது என்ற பட்டியல் ஜெராக்ஸ் கடைகளில் இலவசமாகப் புழங்கியது. போட்டியாளருக்கே போன் போட்டு, "அந்த டைரக்ட் சிவப்பை விட்டுருங்க" என்று சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்திய அரசு 1997-ல் தடை போட்டபோது இங்கே யாரும் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் மிச்சமில்லை.

உறவு முறையையும் சொல்லாமல் விடக்கூடாது. இந்த ஊரின் பெரும்பாலான தொழில் கொங்கு வேளாளக் கவுண்டர்கள் கையில் வளர்ந்தது. தறியிலும் தையல் மெஷினிலும் கூலிக்கு உட்கார்ந்தவர்கள் முதலாளிகளான கதையை ஷரத் சாரி 2004-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். பங்காளி, மாமன், மச்சான் என்ற வலைக்குள் பணமும் ஓடியது, சேதியும் ஓடியது. எந்த மெஷின் வாங்கலாம், எந்தப் பார்ட்டி பணம் தரமாட்டான் என்பதெல்லாம் கல்யாண மண்டபப் பந்தியில் முடிவாகும். நான் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் அந்தப் பேச்சு நடக்கும் வரிசையில் எனக்கு இலை கிடையாது. அதே 2004-ல் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் இந்த ஊர் ஏற்றுமதியாளர்களை ஆராய்ந்து ஒன்று சொன்னார்கள்: சொந்த சமூகத்தின் பணபலம் உள்ளவர்கள் அதிக முதலீட்டோடு தொடங்குகிறார்கள், வெளியாட்கள் குறைந்த முதலீட்டில் தொடங்கி வேகமாக வளர்கிறார்கள். ஒருவர் பின்னாளில் நோபல் வாங்கினார் என்பதற்காக நான் இதை நம்பவில்லை. பந்தியில் கிடைக்காததை டீக்கடையிலும், மெஷின் ஃபிட்டரிடமும், காம்பாக்டிங் வாசலிலும் பொறுக்கவேண்டி இருந்ததால் வெளியாள் காதைத் திறந்தே வைத்திருந்தான். அந்த ஆய்வு சொல்லாத காரணம் இது என்பது என் கருத்து. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்.

இதுவரை சொன்னது ஷேடு, சுருக்கம், மெஷின் பற்றிய அறிவு. இது கசிந்து பரவும், யாரும் முயற்சி எடுக்கவேண்டாம். கசியாத அறிவு ஒன்று இருந்தது. அதுதான் எங்களை நிறுத்தியது.

சாயத்தண்ணீர் நொய்யலில்தான் போனது. கீழே, சென்னிமலைப் பக்கம், பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை தொண்ணூறுகளிலிருந்து எங்கள் உப்பையும் நிறத்தையும் தேக்கி வைத்தது. அங்கே பயிர் கருகியது, கிணறு கெட்டது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக்கூட வெளியே விடாதபடி சுத்திகரிக்கவேண்டும் என்றது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாங்கள் கூட்டாகப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டியிருந்தோம். கிட்டத்தட்ட இருபது நிலையங்கள், ஒவ்வொன்றும் அதில் சேர்ந்த பட்டறைக்காரர்களே பங்குதாரர்களான கம்பெனி. கழிவுநீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ.வில் விட்டால் பெரும்பகுதி நல்ல தண்ணீராகத் திரும்பிவிடும். மிச்சம் வருகிற ரிஜெக்டில்தான் எல்லாச் சனியனும் இருக்கும்: உப்பு, சாயத்தின் எச்சம், கடினத்தன்மை. அதைக் கொதிக்கவைத்து ஆவியாக்கவேண்டும். எவாப்பரேட்டர் குழாயில் படிவு படிந்தது, நுரை பொங்கியது, மாதத்தில் பாதி நாள் சுத்தம் செய்வதிலேயே போனது.

ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு காண்ட்ராக்டர், ஒவ்வொரு தொழில்நுட்பம். கோளாறு எல்லோருக்கும் ஒன்று. ஆனால் யாரும் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வழக்கில் நமக்கு எதிராகப் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம், காண்ட்ராக்டர் கையெழுத்து வாங்கியிருந்த ரகசியக் காகிதம் ஒரு பக்கம். சாய ரெசிப்பியை டீக்கடையில் சொல்லிவிடுகிற ஊர், எவாப்பரேட்டர் படிவைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. வெற்றி கசியும், தோல்வி கசியாது என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். சாயம் போடாத கிரே துணி லூதியானாவுக்கும் கொல்கத்தாவுக்கும் லாரி ஏறியது. வடநாட்டுப் பையன்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனில் நின்றார்கள். சனிக்கிழமை பட்டுவாடா இல்லாத திருப்பூரை அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த மாதங்களில்தான் நாங்கள் பேசத் தொடங்கினோம். மறைப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லாத நிலைமை. எங்கள் நிலையத்தின் டெக்னிக்கல் கமிட்டியில் நானும் ஒருவன். பல்லடம் ரோட்டில் அருள்புரம் நிலையத்தில் தமிழ்நாடு வாட்டர் இன்வெஸ்ட்மென்ட் கம்பெனி ஒரு செயல்விளக்கத்தில் இறங்கியிருந்தது. ரிஜெக்ட் முழுவதையும் ஆவியாக்கத் திணறுவதை விட்டுவிட்டு, அதிலுள்ள நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கி, உப்புத் தண்ணீரை அப்படியே, பிரைனாகவே, சாயப்பட்டறைக்குத் திருப்பி அனுப்புவது. சாயத்துக்கு உப்பு வேண்டும். ரிஜெக்டில் உப்பு இருக்கிறது. கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் யோசனை. செய்துகாட்ட ஆள் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தது. அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. மற்ற நிலையங்களிலிருந்து வண்டி வண்டியாகப் போய்ப் பார்த்தோம். அங்கே காட்டியதைவிட முக்கியம், போனவர்கள் தங்கள் தங்கள் நிலையத்தின் லாக் ஷீட்டையும் கையோடு கொண்டுபோனது. மரத்தடியில் உட்கார்ந்து ஒருவர் ஷீட்டை ஒருவர் பார்த்தோம். "உங்களுக்கும் இந்த டெம்பரேச்சர்லதான் நுரை வருதுங்களா?" என்று ஒருவர் கேட்டார். எதிரே இருந்தவர் சிரித்துவிட்டார்.

பிரைனில் சாயம் போடுவது மாஸ்டர்களுக்குப் பிடிக்கவில்லை. அடர்த்தியை மீட்டர் வைத்துப் பார்த்தால் உப்பு சரியாக இருக்கும், ஆனால் காரம் சிறிது மிச்சமிருந்தால் சோடா போடுவதற்கு முன்பே சாயம் பிணையத் தொடங்கிவிடும். லேசான ஷேடு மங்கும். முதலில் கறுப்பு, நேவி மட்டும் பிரைனில் போட்டோம். அமிலத்தால் நடுநிலைப்படுத்தி, கடினத்தன்மை பார்த்து, பிறகு மீடியம் ஷேடுக்கு வந்தோம். இந்த வரிசை எந்தக் கையேட்டிலும் இல்லை. ஒவ்வொரு பட்டறையும் ஒரு துண்டைக் கண்டுபிடித்தது, மாஸ்டர்கள் வாட்ஸ்அப் எங்களிடம் வராத காலத்திலேயே போனில் அதைச் சேர்த்துத் தைத்தார்கள்.

உப்பு மாற்றம் இதைவிடப் பெரிய கதை. ரிஜெக்டிலிருந்து உப்பைப் பிரித்து எடுக்கவேண்டுமானால் சோடியம் சல்பேட் வசதி. 32 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தால் அதன் கரைதிறன் சரிந்து, படிகமாகக் கீழே விழுந்துவிடும். சாதாரண உப்பு அப்படி விழாது, போதாததற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அரிக்கும். இரண்டும் கலந்தால் யாருக்கும் உதவாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்கவேண்டியதுதான். ஆகவே உறுப்பினர்கள் எல்லோரும் சல்பேட்டுக்கு மாறவேண்டும் என்று முடிவானது. கூட்டுக்குடும்பச் சமையலறை மாதிரி, ஒருவர் வேறு உப்பைப் போட்டாலும் எல்லோர் இலையும் கெடும். சாதாரண உப்பு விலை மலிவு. ஒருசிலர் இரவில் போட்டார்கள். நிலையத்து லேபில் குளோரைடு ஏறுவது தெரிந்தது, யார் என்று தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு பட்டறையின் வெளிக்குழாயிலும் சாம்பிள் எடுத்து, அளவுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம்: தண்ணீர் அளவு, டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு), பி.ஹெச்., குளோரைடு.

திருடனைப் பிடிக்க ஒட்டிய காகிதம் வேறொரு வேலை செய்தது. உறுப்பினர்கள் மற்றவர்களின் எண்களைப் படிக்கத் தொடங்கினார்கள். நம் அளவுக்கே துணி போடுகிற அந்தப் பட்டறையில் தண்ணீர் ஏன் பாதிதான் வருகிறது? சுத்திகரிப்புக் கட்டணம் லிட்டர் கணக்கில் என்பதால் அது நேராகப் பணம். கேட்டால், குறைந்த தண்ணீரில் ஓடும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின், கழுவல்களை ஒழுங்குபடுத்தியது, கடைசிக் கழுவல் தண்ணீரை அடுத்த லாட்டுக்கு முதல் தண்ணீராகப் பிடித்து வைத்தது என்று விவரம் வந்தது. நான்கு வருடத்துக்கொரு முறை ஐரோப்பாவில் நடக்கும் ஐ.டி.எம்.ஏ. மெஷின் கண்காட்சிக்குத் திருப்பூர் முதலாளிகள் தவறாமல் போய் வருகிறார்கள். அந்த மெஷின்களின் கேட்லாக் எல்லோர் மேசையிலும் கிடந்தது. பக்கத்துப் பட்டறையின் எண்ணைப் பலகையில் பார்த்த பிறகுதான் பலர் தண்ணீர் அதிகம் குடிக்கும் விஞ்சைத் தூக்கி எறிந்தார்கள். கிலோவுக்கு ஐம்பது, அறுபது லிட்டர் என்று பேசும் பட்டறைகள் இன்று இருக்கின்றன என்றால் அதில் அந்தப் பலகைக்குப் பங்கு உண்டு.

ஆனால் அதே பலகையைப் பார்த்து, அதே கூட்டத்தில் உட்கார்ந்து, அதே வடையைத் தின்றுவிட்டு எழுந்தவர்களில் பாதிப் பேர் ஒன்றும் மாறவில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடலாம், அது நியாயமில்லை. மாறியவர்களிடம் பட்டறைக்குள் ஒரு சின்ன லேப் இருந்தது, இரண்டு பீக்கரும் ஒரு லைட் பாக்ஸும் ஒரு டிப்ளமோ பையனும். கேட்டு வந்ததை மறுநாள் காலையில் பத்து கிராம் துணியில் போட்டுப் பார்க்க முடிந்தது. லேப் இல்லாதவர் நேராக முந்நூறு கிலோவில்தான் சோதிக்கவேண்டும். எந்தப் பைத்தியக்காரன் சோதிப்பான்? கோவையில் டெக்ஸ்டைல் பாடம் எடுக்கும் ஒருவர் என்னிடம் சொன்னார்: வெஸ்லி கோஹன், டேனியல் லெவிந்தால் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1990-லேயே இதை எழுதிவிட்டார்களாம். வெளியே இருக்கும் அறிவை ஒரு நிறுவனம் எவ்வளவு உறிஞ்சும் என்பது அதற்குள் ஏற்கெனவே இருக்கும் அறிவைப் பொறுத்தது என்பது அவர்கள் வாதம். உறிஞ்சுவது பற்றிச் சாயக்காரனுக்குப் பாடம் வேண்டியதில்லை, பிளீச்சிங் சரியில்லாத துணி எந்தச் சாயத்தையும் குடிக்காது.

கெட்டதும் இதே வழியில்தான் பரவியது என்பதையும் எழுதவேண்டும். மழை வந்தால் எந்த நேரத்தில் வால்வைத் திறக்கலாம், எந்த ஓடை ராத்திரியில் யார் கண்ணிலும் படாது, மீட்டருக்கு முன்னால் எங்கே ஒரு கிளைக்குழாய் போடலாம் என்பதையெல்லாம் ஊர் கற்றது, கற்பித்தது. அதற்குச் செயல்விளக்கமோ கடனோ தேவைப்படவில்லை. ஒரு தொழில் வலை நல்லதை மட்டும் கடத்தும் என்று எழுதுகிற நிபுணர்கள் மழைக்காலத்தில் ஒருமுறை நொய்யல் பாலத்தில் நின்று பார்க்கலாம்.

எனக்கு இன்னமும் உறுத்துவது வேறு. இந்தத் தொழிலுக்கு மிகத் தேவையான அறிவு முதலில் இருந்தது தொழிலுக்குள் இல்லை. கீழ் நொய்யல் விவசாயிகளிடம் இருந்தது. எங்கள் டி.டி.எஸ். எவ்வளவு என்று நாங்கள் காகிதத்தில் எழுதிய எண் பொய் என்பது அவர்கள் தென்னைக்குத் தெரியும். தண்ணீர் எந்த மாதம் எவ்வளவு கரிக்கும், எந்தப் பயிர் முதலில் சாகும் என்று அவர்கள் பட்டியலே சொல்வார்கள். எங்கள் சங்கக் கூட்டம் எதிலும் அவர்களுக்கு நாற்காலி போட்டதாக எனக்கு நினைவில்லை. அவர்கள் சொன்னது வக்கீல் வழியாக, தீர்ப்பு வழியாக, மின் இணைப்பு துண்டிப்பு வழியாகத்தான் எங்களை வந்து சேர்ந்தது. வாய்வார்த்தையாக வந்திருந்தால் மலிவாகக் கிடைத்திருக்கும். இன்று மெஷின் முன்னால் நிற்கிற ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்களும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். எந்த வால்வு ஒழுகுகிறது, எந்த லாட்டில் சூடு ஏறாமலே சோடா போட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். கூட்டத்தில் அவர்கள் பாஷை பேசுகிறவர் ஒருவரும் இல்லை.

இப்போது ஊர் புதிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறது. 2024-25-ல் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி இன்னமும் பருத்தி. உலகம் வாங்குவதில் பாலியெஸ்டரும் செயற்கை இழையும் ஏறிக்கொண்டே போகின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, ஒரே துணி, ஒரே சந்தை என்று இருப்பது எவ்வளவு ஆபத்து என்பது மீண்டும் தெரிந்தது. பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ் சாயம், 130 டிகிரி, அழுத்தத்தில் ஓடும் மெஷின். உப்பே வேண்டாம். எங்கள் மாஸ்டர்கள் உப்பிலும் சோடாவிலும் வளர்ந்தவர்கள். பாதி அறிவை இறக்கி வைத்துவிட்டுத்தான் இதற்குப் போகவேண்டும். எலாஸ்டேன் கலந்தால் சூட்டில் அதன் இழுவை போய்விடுகிறது. அதை எந்தச் சூட்டில், எத்தனை நேரத்தில் காப்பாற்றுவது என்பதை இந்த நிமிடம் பல பட்டறைகள் தனித்தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு, ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்து கற்றுக்கொண்டிருக்கின்றன. 2011-க்கு முந்தைய எவாப்பரேட்டர் காலம் மாதிரியே இருக்கிறது.

சங்கத்துக்காரர்களுக்கும் சுத்திகரிப்பு நிலையங்களின் இயக்குநர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 2008 முதல் 2014 வரையிலான லாக் புத்தகங்கள் பல நிலையங்களில் இன்னமும் ஷெட் மூலையில் கிடக்கின்றன. எந்த நாளில் எது நின்றது, எதைப் போட்டால் ஓடியது, எது வேலைக்கு ஆகவில்லை என்பது ஆபரேட்டர்களின் கையெழுத்தில் அப்படியே இருக்கிறது. இடத்தை அடைக்கிறது என்று அதை எடைக்குப் போடாதீர்கள். ஸ்கேன் செய்து, பட்டறைப் பெயரை மறைத்து, நிஃப்ட்-டீ கல்லூரியிலோ கோவை சிட்ரா ஆராய்ச்சி நிலையத்திலோ கொண்டுபோய் வையுங்கள். பாலியெஸ்டருக்கும் இன்றிலிருந்தே அப்படி ஒரு பொதுப் புத்தகம் போடுங்கள். கெட்டுப்போன லாட்டுகளுக்கு அதில் முதல் பக்கத்தை ஒதுக்குங்கள்.